கன்னியக்கோயில் மாடி டியூஷன்: சைனிக் நுழைவுத் தேர்வுக்கு மகளை இரண்டு வருடம் அனுப்பிய அனுபவம்

மகள் 2026 ஜனவரி 18ஆம் தேதி இரண்டாவது முறையாக சைனிக் பள்ளி நுழைவுத் தேர்வு எழுதிவிட்டு வந்தாள். சைனிக் என்றால் ராணுவ அதிகாரியாகச் சேரப் பிள்ளைகளைத் தயார் செய்யும் உறைவிடப் பள்ளி. ரிசல்ட் இன்னும் வரவில்லை. அது வருவதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். இடம் கிடைத்துவிட்டால் சந்தோஷத்தில் எல்லாவற்றையும் புகழ்ந்து தள்ளிவிடுவேன். கிடைக்காவிட்டால் பேனா எடுக்க மனசு வராது. இரண்டுமே அவளுக்குச் சொல்லிக்கொடுத்த டியூஷன் மிஸ்ஸுக்கு நியாயம் இல்லை.

இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் பஸ்ஸில் கன்னியக்கோயில் ஸ்டாப்பில் இறங்கி உள்ளே நடந்தால் ஒரு மாடி வீடு. போர்டு கிடையாது, பெயரும் கிடையாது. நாங்கள் எல்லோரும் 'மாடி டியூஷன்' என்றே சொல்கிறோம். மிஸ் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். விளம்பரம் பிடிக்காதவர் என்பதால் அவர் பெயரையும் நான் எழுதவில்லை. மொட்டை மாடியில் ஷீட் போட்ட கொட்டகை, கோரைப்பாய், இரண்டு ஃபேன், ஒரு கரும்பலகை, நேர் எதிரே பெரிய சுவர்க் கடிகாரம். ஒரு பேட்சில் 14 பிள்ளைகள், அதற்கு மேல் சேர்ப்பதில்லை. மாசம் 800 ரூபாய்.

நான் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறேன். வீட்டுக்காரர் துறைமுகத்துக்கு ஐஸ் லோடு அடிக்கிறார். எங்கள் குடும்பத்தில் நுழைவுத் தேர்வு என்ற வார்த்தையே கிடையாது. ஆரம்பித்து வைத்தது என் தம்பி. ராணுவத்தில் அவில்தார். லீவுக்கு வந்தவன், "அக்கா, 2021லேர்ந்து சைனிக் ஸ்கூல்ல பொம்பளப் புள்ளைங்களையும் எடுக்கிறாங்க. பாப்பாவுக்கு வயசு சரியா இருக்கு. எழுத வை" என்றான். மகள் அப்போது நாலாம் வகுப்பு முடித்திருந்தாள். தமிழ் மீடியம், அரசு உதவி பெறும் பள்ளி. மாமா யூனிஃபார்மைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பவள். "எழுதறேன்" என்று அவளே சொன்னாள்.

எழுத வைப்பது என்றால் என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல் முதலில் தப்பான இடத்துக்குப் போனோம். டவுனில் ஒரு கோச்சிங் சென்டர். ஏசி ஹால், சுவர் முழுக்க போட்டோக்கள், 60 நாள் கிராஷ் கோர்ஸ், 18,000 ரூபாய். பாதிப் பணம் கட்டிச் சேர்த்தோம். பாடம் எல்லாம் இங்கிலீஷில். ஆறாம் வகுப்பு சைனிக் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம் என்பதைக்கூட அங்கே யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. ஒன்பதாம் நாள் மகள் வயிற்று வலி என்று படுத்துவிட்டாள். வலி வயிற்றில் இல்லை என்று எனக்குப் புரிந்தது. கட்டிய பணத்தைக் கேட்டால் திருப்பித் தர மாட்டோம் என்றார்கள்.

பாகூரில் இருக்கும் என் நாத்தனார்தான் மாடி டியூஷனைச் சொன்னார். அவர் பையன் அங்கே மத்திய அரசின் உறைவிடப் பள்ளியான நவோதயாவின் தேர்வுக்குப் போய்க்கொண்டிருந்தான். 2024 ஜூன் முதல் ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். மிஸ் அவளிடம் ஒரு கணக்கும் கேட்கவில்லை. என்னிடம்தான் கேட்டார்: "பிறந்த தேதி என்னம்மா?"

2014 ஜூன் என்றேன். விரல் விட்டு எண்ணினார். ஆறாம் வகுப்பில் சேர, அந்த வருஷம் மார்ச் 31 அன்று பிள்ளைக்குப் பத்து வயது நிரம்பியிருக்க வேண்டும், பன்னிரண்டைத் தாண்டியிருக்கக் கூடாது. "2025க்கு எழுதலாம். அதுல வரலைன்னா 2026க்கும் எழுதலாம். ரெண்டு வாய்ப்பு இருக்கு. அதனால முதல் வருஷம் பயப்படாதீங்க, பிள்ளையையும் பயமுறுத்தாதீங்க" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கே 800 ரூபாய் கொடுக்கலாம். 18,000 கேட்டவர்கள் இதைச் சொல்லவில்லை.

நவோதயாவுக்கு இந்தச் சலுகை கிடையாது. ஒரு பிள்ளை வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் அந்தத் தேர்வை எழுதலாம். ஐந்தாம் வகுப்பை அந்தப் பள்ளி இருக்கும் மாவட்டத்திலேயே படித்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் நவோதயா பள்ளியே இல்லை. புதுச்சேரிக்குக் காலாப்பட்டில் இருக்கிறது. நாத்தனாரின் பாகூர் புதுச்சேரியைச் சேர்ந்தது, எங்கள் கடலூர் தமிழ்நாடு. அவர் வீடு எங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரம்தான், ஆனால் அவர் பையன் எழுதலாம், என் மகள் எழுத முடியாது. இது தெரியாமல் கடலூரிலிருந்து வந்து நவோதயாவுக்குச் சேர்க்கச் சொல்லும் பெற்றோரை மிஸ் முதல் நாளே உட்காரவைத்து விளக்கித் திருப்பி அனுப்பிவிடுவார். பணம் வாங்கிக்கொண்டு பிறகு சொல்லும் வழக்கம் அங்கே இல்லை.

இன்னொன்றையும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். சைனிக் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று கடலூரில் ஒரு தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்பு விசாரித்திருந்தேன். எண்ட்ரன்ஸ் டெஸ்ட் உண்டு, மார்க்கைப் பார்த்துத்தான் சீட் என்றார்கள். அதற்கும் தயார் செய்யுங்கள் மிஸ் என்று கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. 2009ஆம் வருடக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆவது பிரிவை எடுத்துச் சொன்னார். எட்டாம் வகுப்பு வரை ஒரு சாதாரணத் தனியார் பள்ளி, சேர்க்கைக்காகப் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ டெஸ்ட், இன்டர்வியூ என்று வைத்து வடிகட்டக் கூடாது. மீறினால் முதல் தடவை 25,000 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்த தடவைக்கு 50,000 வரை. "நான் அதுக்குப் பிள்ளையைத் தயார் பண்ண மாட்டேன்மா. பண்ணினா அது சரின்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும்" என்றார். ஒரு மாணவிக்கான ஃபீஸ் போகுமே என்று அவர் யோசிக்கவில்லை. நானும் அதோடு அந்தப் பள்ளியை விட்டேன்.

சரி, பாடத்துக்கு வருகிறேன்.

ஆறாம் வகுப்பு சைனிக் தேர்வில் மொத்தம் 125 கேள்விகள், 300 மார்க், 150 நிமிடம். கணக்கு மட்டும் 50 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 3 மார்க். மொழி, நுண்ணறிவு, பொது அறிவு மூன்றிலும் 25, 25 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 2 மார்க். தப்புக்கு மார்க் குறைப்பது இல்லை. பாதி மதிப்பெண் கணக்கில் இருக்கிறது என்பது பார்த்தவுடனே தெரியும். பெற்றோர் கண்ணில் படாதது வேறொன்று. சதவீதம், தனிவட்டி, வேகம், கன அளவு எல்லாம் இந்தத் தேர்வில் உண்டு. எங்கள் சமச்சீர்ப் புத்தகத்தில் தனிவட்டி ஏழாம் வகுப்பில்தான் வருகிறது. பள்ளிக்கூடத்தில் முதல் ரேங்க் எடுக்கும் பிள்ளையும் இந்தப் பேப்பரைப் பார்த்தால் முழிப்பதற்குக் காரணம் அதுதான். பிள்ளை மக்கு இல்லை, அந்தப் பாடமே அதற்கு இன்னும் வரவில்லை.

மிஸ் இதற்காக ஜூன் முதல் செப்டம்பர் வரை முழுக்க எடுத்துக்கொள்கிறார். அந்த நாலு மாசத்தில் ஒரு மாதிரித் தேர்வும் கிடையாது. தனிவட்டிக்கு என்ன செய்தார் தெரியுமா? வீட்டில் நகைக்கடன் ரசீது இருந்தால் அம்மாவிடம் கேட்டுக் கொண்டுவரச் சொன்னார். பெயரை மறைத்துத்தான். என் ரசீது 40,000 ரூபாய்க்கு, நூற்றுக்கு வருஷம் 12 ரூபாய் வட்டி. எட்டு மாசத்துக்கு என்ன என்று மகள் கணக்குப் போட்டு 3,200 என்று கொண்டுவந்து காட்டினாள். காட்டிவிட்டு, "எப்பம்மா மீட்கப் போறோம்?" என்று கேட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு தனிவட்டிக் கணக்கில் அவள் ஒரு தடவைகூடத் தப்பு விட்டதில்லை. லாப நஷ்டத்தை மீன் ஏலத்தில் சொல்லிக்கொடுத்தார். 1,200க்கு எடுத்த பெட்டியை 1,380க்கு விற்றால் எத்தனை சதவீதம் என்று அவள் அப்பாவிடம் கேட்க, அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே "பதினஞ்சு" என்றாராம். அப்பாவுக்கு இவ்வளவு கணக்குத் தெரியுமா என்று மகளுக்கு அன்றைக்குப் பெரிய ஆச்சரியம்.

இந்த டியூஷனின் உண்மையான அருமை அந்தச் சுவர்க் கடிகாரத்தில் இருக்கிறது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சைனிக் தேர்வு மத்தியானம் 2 மணிக்குத் தொடங்கி 4.30க்கு முடியும். நவோதயா காலை 11.30 முதல் 1.30 வரை. மிஸ் நவோதயாப் பிள்ளைகளுக்கு மாதிரித் தேர்வைச் சனிக்கிழமை சரியாக 11.30க்கு வைப்பார். எங்கள் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை சரியாக 2 மணி. அக்டோபரிலிருந்து ஒரு வாரம் தப்பாமல். காலையில் வைத்தால் பஸ் காலியாக இருக்கும், வெயிலும் இருக்காது என்று பெற்றோர் சிலர் கேட்டுப் பார்த்தோம். அவர் அசையவில்லை.

காரணம் முதல் தேர்விலேயே தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் மீன் குழம்பு. ஒரு மணிக்கு வயிறு நிறையச் சாப்பிட வைத்துக் கூட்டிக்கொண்டு போனேன். 60ஆவது கேள்வி வரை வந்த மகள் பாயிலேயே சாய்ந்து தூங்கிப்போனாள். மிஸ் எழுப்பவில்லை. 4.30 வரை தூங்க விட்டு, அதே பேப்பரைத் திருத்தி என் கையில் கொடுத்தார். "இது பாப்பா வாங்கின மார்க் இல்லம்மா, மீன் குழம்பு வாங்கின மார்க்" என்றார். அடுத்த வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை 11.45க்குச் சாப்பாடு, தயிர் சாதமோ இட்லியோ. மீன் குழம்பு ராத்திரிக்குப் போனது. மூன்றே வாரத்தில் அவளுக்கு அந்த நேரத்தில் கண் சொக்குவது நின்றுவிட்டது. பெரிய ஏசி ஹாலில் எனக்கு இதை யார் சொல்லியிருப்பார்கள்?

நிமிடங்களையும் பிரித்துக் கொடுத்திருந்தார். கணக்குக்கு 75 நிமிடம், மற்ற மூன்றுக்கும் இருபது இருபது, மிச்சம் 15 நிமிடம் விடைத்தாளைச் சரிபார்க்க. ஓஎம்ஆர் தாளில் பால்பாயின்ட் பேனாவால் வட்டத்தை நிரப்பினால் அழிக்க முடியாது. பத்து வயதுப் பிள்ளைக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஒரு கேள்வியை விட்டுவிட்டு அடுத்ததைப் போடும்போது வட்டத்தை விடாமல் போட்டால் அதற்குப் பிறகு உள்ள எல்லாமே ஒரு வரி தள்ளிப் போய்விடும். பத்துக் கேள்விக்கு ஒரு தடவை கேள்வி நம்பரையும் வட்டத்தின் நம்பரையும் விரலால் தொட்டுப் பார்க்கும் பழக்கத்தை அவர் பிள்ளைகளுக்கு ஏற்படுத்தியிருந்தார். கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு வட்டம்கூடக் காலியாக இருக்கக் கூடாது, மைனஸ் மார்க் இல்லையே.

பிறகு அந்தத் தப்பு நோட்டு. தப்பான ஒவ்வொரு கேள்வியையும் பிள்ளையே எழுதி, பக்கத்தில் ஓர் எழுத்துப் போட வேண்டும். தெரியாததால் தப்பு என்றால் 'தெ', கவனக்குறைவு என்றால் 'க', நேரம் போதவில்லை என்றால் 'நே'. ஜூலையில் மகளின் நோட்டு முழுக்க 'தெ'. நவம்பரில் 'தெ' குறைந்து 'நே' வந்தது. நான் மார்க்கை மட்டும் பார்ப்பவள். மிஸ் மார்க்கைக் கடைசியில்தான் பார்ப்பார், முதலில் இந்த எழுத்துகளை எண்ணுவார்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல். புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அடுத்த நாட்களில் பெண்ணையாற்றில் வெள்ளம் வந்து பாகூர் பக்கமெல்லாம் தண்ணீர். மூன்று வாரம் டியூஷன் இல்லை. மாடியின் ஷீட் இரண்டு பறந்துபோனது, அலமாரியில் இருந்த ஜெராக்ஸ் கட்டுகள் ஊறிவிட்டன. ஜனவரியில் பரீட்சை வந்துவிடுமே என்று நான் தவித்துப்போனேன். 2022, 2023, 2024 மூன்று வருஷமும் சைனிக் தேர்வு ஜனவரியில்தான் நடந்திருந்தது. எங்கள் திட்டமெல்லாம் ஜனவரியை வைத்துத்தான்.

அந்த வருஷம் விண்ணப்பமே டிசம்பர் 24ஆம் தேதிதான் திறந்தது. தேர்வு 2025 ஏப்ரல் 5 என்று ஆனது. புயலில் போன நாட்கள் திரும்பக் கிடைத்தன என்று நான் சந்தோஷப்பட்டேன். மிஸ் சந்தோஷப்படவில்லை. ஜனவரிக்கு என்று பழுக்கவைத்த பிள்ளையை ஏப்ரல் வரை வாடாமல் வைத்திருப்பது கஷ்டம் என்றார். அவர் சொன்னதுதான் நடந்தது. பிப்ரவரி நடுவில் மகள் நோட்டில் 'க' பெருக ஆரம்பித்தது. தெரிந்த கணக்கையெல்லாம் தப்பாகப் போட்டாள். 200ஐத் தொட்டவள் 160க்கு வந்தாள். நான் ராத்திரி பத்து மணி வரை உட்காரவைத்தேன். இன்னும் இறங்கியது.

மிஸ் எல்லாப் பெற்றோரையும் மாடிக்கு வரச் சொன்னார். "பத்து நாள் யாரும் வராதீங்க. வீட்லயும் நோட்டைத் தொடாதீங்க. பீச்சுக்குப் போங்க, தூங்க விடுங்க" என்றார். நான் கோபப்பட்டேன். காசு கட்டுகிறோம், பரீட்சை நெருங்குகிறது, இப்போது போய் லீவா என்று வாய்விட்டே கேட்டேன். அவர் மகளின் நோட்டைத் திருப்பி, கடைசி நாலு வாரத்து 'க'வை எல்லாம் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுக் காட்டினார். "இது படிக்காததால வந்த தப்பு இல்லம்மா. களைப்பு." அந்தப் பத்து நாளுக்கு உண்டான ஃபீஸைக் கழித்துக்கொண்டுதான் மார்ச்சில் வாங்கினார். மகள் சில்வர் பீச்சில் சிப்பி பொறுக்கினாள், மத்தியானம் தூங்கினாள், தம்பியோடு சண்டை போட்டாள். திரும்பிப் போன முதல் ஞாயிறு 194. அன்று நான் மிஸ்ஸிடம் மன்னிப்புக் கேட்டேன். டியூஷன் நடத்துகிறவர், டியூஷனுக்கு வராதீர்கள் என்று சொன்னதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சென்டர் சென்னையில். முந்தின நாளே போய்த் தாம்பரத்தில் சித்தி வீட்டில் தங்கினோம். 11.30க்கு இட்லி. எதிரில் ஓர் அப்பா பிள்ளைக்கு பிரியாணி ஊட்டிக்கொண்டே பொது அறிவுக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மகள் வெளியே வந்து முதலில் சொன்னது, "ஒரு வட்டமும் காலியா இல்லம்மா."

300க்கு 187. தகுதி பெற்றாள், சீட் கிடைக்கவில்லை. பொதுப் பிரிவில் ஒவ்வொரு பாடத்திலும் குறைந்தது 25 சதவீதம், மொத்தத்தில் 40 சதவீதம் எடுத்தால் தகுதி உண்டு. ஆனால் தகுதி வேறு, சீட் வேறு. பெண் பிள்ளைகளுக்கு 10 சதவீதமோ பத்து இடமோ, எது அதிகமோ அதுதான். தமிழ்நாட்டில் இருக்கும் அமராவதிநகர் சைனிக் பள்ளிக்குப் போட்டி எவ்வளவு என்று இதிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். 2022க்குப் பிறகு தனியார் பள்ளிகள், அறக்கட்டளைகளோடு சேர்ந்து புதிய சைனிக் பள்ளிகளும் வந்திருக்கின்றன. அவற்றுக்கும் இதே தேர்வுதான். ஆனால் ஃபீஸ் பள்ளிக்குப் பள்ளி மாறும், கவுன்சலிங்கில் விருப்பம் போடுவதற்கு முன்னால் விசாரித்துவிடுங்கள் என்று மிஸ் சொன்னார். நாங்கள் விசாரித்தோம். எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை.

மகள் இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் அவளே தப்பு நோட்டை எடுத்து, "மிஸ் ரெண்டு வாய்ப்புன்னு சொன்னாங்கல்ல?" என்று கேட்டாள்.

இரண்டாவது வருஷம் தேதி மறுபடியும் மாறியது. 2025 அக்டோபரிலேயே விண்ணப்பம் திறந்து, தேர்வு 2026 ஜனவரி 18 என்றார்கள். போன வருஷம் போல டிசம்பரில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்த தெரிந்த வீட்டுப் பிள்ளை ஒன்று விண்ணப்பிக்காமலே போய்விட்டது. நவோதயாவும் அந்த வருஷம் ஜனவரியை விட்டு டிசம்பர் 13க்கு வந்துவிட்டது. மிஸ் செப்டம்பரிலிருந்து தினமும் காலையில், சைனிக் தேர்வை நடத்தும் தேசியத் தேர்வு முகமையின் தளத்தைப் பார்த்துவிட்டுத்தான் காபி குடிப்பார். விண்ணப்பம் திறந்த அன்றே எல்லா வீட்டுக்கும் போன் வந்தது.

சான்றிதழ் விஷயத்தில் எனக்குச் செய்த உதவியைச் சொல்லாமல் விட முடியாது. ஓபிசி ஒதுக்கீட்டுக்கு நம்மிடம் இருக்கும் மாநில பி.சி. சான்றிதழ் போதாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயர், அதாவது வசதி வரம்பைத் தாண்டிய குடும்பம், இல்லை என்று தாசில்தார் கொடுக்கும் சான்றிதழ் வேண்டும். இ-சேவை மையத்தில் போட்டுக் கையில் வர நாளாகும். இருப்பிடச் சான்று, பிறப்புச் சான்று எல்லாம் அப்படித்தான். பள்ளிச் சான்றிலும் ஆதாரிலும் மகளின் இனிஷியல் ஒத்துப்போகவில்லை. ஜூலையிலேயே மிஸ் கண்டுபிடித்துத் திருத்தச் சொன்னதால் பிழைத்தோம். ஜூன், ஜூலையில் படிப்பை விடப் பேப்பர் வேலைதான் அவசரம் என்று எல்லாப் பெற்றோருக்கும் சொல்வேன்.

குறைகள் இருக்கின்றன. பொது அறிவுதான் பெரிய குறை. மிஸ் கொடுக்கும் தாள்கள் பழசு, புதுச் செய்திகள் கிடையாது. கேட்டால் அவரே ஒத்துக்கொள்கிறார். முதல் வருஷம் மகளுக்குப் பொது அறிவில்தான் அதிகம் போனது. இரண்டாவது வருஷம் நானே கடைக்கு வரும் பேப்பரை வீட்டுக்கு எடுத்துவந்து தினமும் இரண்டு செய்தி படிக்க வைத்தேன். கொட்டகையில் மார்ச், ஏப்ரலில் வெக்கை தாங்காது. ஷீட்டுக்குக் கீழே தென்னை ஓலைத் தட்டியாவது கட்ட வேண்டும், சொல்லியிருக்கிறேன். பாத்ரூம் கீழே இருப்பதால் பெண் பிள்ளைகள் கேட்கக் கூச்சப்பட்டு அடக்கிக்கொள்கிறார்கள். கேட்காமலே போகலாம் என்று மிஸ் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் போனை எடுக்க மாட்டார். நான் கடை முடிந்து வருவதே எட்டரைக்கு, அதனால் பேசுவதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான்.

ஒன்பதாம் வகுப்பு சைனிக் தேர்வுக்கு இங்கே போகாதீர்கள். அது முழுக்க இங்கிலீஷ் பேப்பர், 150 கேள்வி, 400 மார்க், மூன்று மணி நேரம். சயன்ஸ், சோஷியல் தனித்தனியாக வரும். மிஸ் அதை எடுப்பதில்லை, எடுப்பதாகச் சொல்லவும் மாட்டார். அதேபோல இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை இப்போதே சேர்த்துவிடுகிறோம் என்று வருகிறவர்களையும் திருப்பி அனுப்பிவிடுவார். "வாய்ப்பாடு நல்லா வரட்டும். கதைப் புத்தகம் வாங்கிக் குடுங்க. அஞ்சாவது போகும்போது வாங்க" என்பதுதான் அவர் பதில். போன மே மாசம் ஒருவர் மூன்று வருஷ ஃபீஸை மொத்தமாகக் கொடுக்க வந்ததையும், மிஸ் மோர் கொடுத்து அனுப்பிவைத்ததையும் நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

சேர்ப்பதாக இருந்தால் நாலாம் வகுப்பு முடிந்த மே மாசக் கடைசியில் நேரில் போய்ப் பேசுங்கள். போனில் இடம் பிடிக்க முடியாது. பிறப்புச் சான்றிதழ் நகல் ஒன்று கையில் இருக்கட்டும், முதல் கேள்வியே அதுதான். எழுத அட்டையும் இரண்டு கறுப்புப் பால்பாயின்ட் பேனாவும் பிள்ளை கொண்டுபோக வேண்டும். தண்ணீர் மிஸ்ஸே வைத்திருப்பார்.

ஜனவரி 18 சாயங்காலம் சென்டரிலிருந்து வெளியே வந்த மகள், என் போனை வாங்கி முதலில் மிஸ்ஸுக்குத்தான் பேசினாள். மார்க் எவ்வளவு வரும் என்று அவர் கேட்கவில்லை. "நேரம் மிச்சம் இருந்துச்சா?" என்று கேட்டிருக்கிறார். "பதினோரு நிமிஷம் மிஸ்" என்றாள். அடுத்த ஞாயிறு டியூஷன் இல்லை என்று தெரிந்தும் கன்னியக்கோயிலுக்குப் போக வேண்டும் என்றாள். ஜூனில் வரப்போகும் பிள்ளைகளுக்குக் காட்ட மிஸ் கேட்டிருந்தாராம். இரண்டு வருஷத் தப்பு நோட்டுகளையும் பைக்குள் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தோம்.